அம்மாவிடம் கேட்டீர்களா, தம்பி?

வாசகர் கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. பி.காம். முடித்துவிட்டு திருநெல்வேலியில் ஒரு பைக் ஷோரூமில் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 16,500 ரூபாய். ஊர் முக்கூடல் பக்கம். அப்பா கொத்தனார். மூன்று வருடத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதிலிருந்து வேலைக்குப் போக முடியவில்லை. அம்மா பீடி சுற்றுகிறார்கள், மாதம் 4,000 தேறும். தங்கை நர்சிங் டிப்ளமோ இரண்டாம் வருடம். குழு லோன் இரண்டு ஓடுகிறது. ஒன்றுக்கு வாரம் 900, இன்னும் 14 மாதம் கட்டணும். இன்னொன்றுக்கு மாதம் 2,250, இன்னும் 9 மாதம். அப்பாவின் ஆபரேஷனுக்காக வெளியில் வாங்கிய 60,000க்கு மூன்று ரூபாய் வட்டி கட்டுகிறோம்.

போன வருடம் ஒரு வாலிபர் முகாமில் முழுநேர ஊழியத்துக்கு எழுந்து நின்று ஒப்புக்கொடுத்தேன். முகாமை நடத்திய வேதாகமப் பள்ளியின் போதகர், ஜூன் மாதம் வேலையை விட்டுவிட்டு வந்து சேரச் சொல்கிறார். மூன்று வருடம் தங்கிப் படிக்க வேண்டும், மாதம் 3,500 கட்ட வேண்டும். 'யோனாவைப் போல ஓடாதே, உன் குடும்பத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அழுகிறார்கள். நான் சி.எஸ்.ஐ. சபை. ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்காக ஜெபிக்கிறேன். போகாவிட்டால் எனக்குச் சாபம் வருமா, ஐயா?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சாபம் வராது. வீட்டில் படுத்திருக்கிற அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதற்காக வேலைக்குப் போகிற மகனைச் சபிக்கிற தேவனை நான் வேதத்தில் எங்கும் படித்ததில்லை. நாற்பது வருடம் பிரசங்கம் பண்ணியும் அப்படி ஒருவரை நான் அறிவிக்கவில்லை. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினதை நம்புகிறவர்கள், ஒரு வாலிபனைச் சாபத்தைக் காட்டி ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது. பயத்தில் எடுத்த தீர்மானம் பயம் போனதும் கூடவே போய்விடும். மூன்றாம் வருடம் விடுதி அறையில் உட்கார்ந்து 'நான் ஏன் இங்கே வந்தேன்' என்று அழுத பிள்ளைகளோடு நான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

யோனாவைச் சொன்னாராம். யோனா, கர்த்தர் நினிவேக்குப் போகச் சொன்னதும் எதிர்த் திசையில் தர்ஷீசுக்குக் கூலி கொடுத்துக் கப்பல் ஏறினவன். நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள்? காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து, மத்தியானம் ஐகிரவுண்டுக்குப் போகிறீர்கள். இது ஓட்டம் இல்லை, தம்பி.

அடுத்ததாகப் பணக் கணக்கைப் பார்ப்போம். ஊழியத்தைப் பற்றிப் பேசும்போது பணத்தைப் பேசுவது அவிசுவாசம் என்று நம் கூட்டங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசு. அதுவும் சீஷனாவதைப் பற்றிப் பேசுகிற இடத்திலேயே கேட்டார். அதனால் தைரியமாகக் கணக்குப் பார்க்கலாம்.

வார லோன், மாதத்துக்கு நாலு வாரம் என்று வைத்தால், 3,600 ஆகிறது. மாத லோன் 2,250. மூன்று ரூபாய் வட்டி 1,800. மூன்றும் சேர்த்து 7,650. உங்கள் சம்பளமும் அம்மாவின் பீடிக் காசும் சேர்ந்து 20,500 வருவதால் இன்றைக்கு இது எப்படியோ ஓடுகிறது. ஜூன் மாதம் நீங்கள் வேலையை விட்டால் வீட்டுக்கு வருவது 4,000, கட்ட வேண்டியது 7,650. இதற்கு மேல் உங்கள் கல்லூரிக்கு 3,500. இன்னும் அரிசி வாங்கவில்லை, அப்பாவுக்கு மாத்திரை வாங்கவில்லை, தங்கைக்கு பஸ் காசு கொடுக்கவில்லை. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி ஒரு குடும்பத்தின் கடன் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுகிற மாதிரி நுண்கடன், அதாவது இந்தக் குழு லோன், கொடுக்கக் கூடாது. உங்கள் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தக் கடனைக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சம்பளம் நின்றால் வாரா வாரம் குழுக் கூட்டத்தில் மற்றப் பெண்களுக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார வேண்டியது உங்கள் அம்மா. உங்கள் இடத்தில் யாராவது வந்து அந்தத் தவணையைக் கட்டுவார்களா என்று அந்தப் போதகரிடம் கேட்டீர்களா? கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பிரசங்கத்தில் இதை நான் சொன்னதில்லை.

நானும் ஏழை வீட்டிலிருந்து போனவன்தான். தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா பனையோலைப் பெட்டி முடைந்து என்னையும் அக்காவையும் வளர்த்தார்கள். இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது 'போய்ட்டு வாய்யா' என்று சொல்லி அனுப்பினார்கள். மாதா மாதம் மணியார்டர் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவே இல்லை. கர்த்தர் சந்திக்கிறார் என்று விடுதியில் சாட்சி சொன்னேன். நான் டீக்கனாகப் பட்டம் பெற்ற அன்றைக்கு நற்கருணைப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்து வருகிறேன். அம்மா முழங்காலில் நிற்கிறார்கள். பாத்திரத்தை வாயருகே நீட்டக் குனிந்தபோதுதான் அவர்கள் காதைப் பார்த்தேன். கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார்கள். துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க, கம்மலை அடகு வைத்த பெண்கள் செய்கிற காரியம் அது. இரண்டாம் வருடமே வைத்ததாம், வட்டி ஏறி ஏலத்தில் போய்விட்டதாம். அக்கா பிறகு சொன்னாள்.

அம்மா மனம் உவந்துதான் கொடுத்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் கொடுத்தார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது என் தவறு. என் அழைப்புக்கான விலையை இன்னொருவர் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை 'முடியுமா அம்மா' என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் இரண்டு வருடம் பொறுத்துப் போயிருப்பேன். போகாமல் இருந்திருக்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் 'அம்மா ஒன்றும் சொல்லாமல் அழுகிறார்கள்' என்ற வரியைப் படித்ததும் அந்தக் காதுதான் என் கண்ணுக்கு வந்தது.

சரி, வசனங்களுக்கு வருவோம். உங்களை நெருக்குகிறவர்கள் வசனத்தை வைத்துத்தானே நெருக்குகிறார்கள்.

கலப்பையின்மேல் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல என்ற லூக்கா 9ஆம் அதிகார வசனத்தை நான் மழுப்பப் போவதில்லை. அது கடினமான வார்த்தை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறவனைப் பார்த்துச் சொன்னது. உங்களுக்கும் ஒருநாள் அது தேவைப்படலாம். ஆனால் எல்லாவற்றையும் விட்டுப் போனவர்கள் என்று நாம் சொல்கிறவர்களின் வீட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவை எங்கே விட்டுப் போனார்கள்? 'கூலியாட்களோடு' படவிலே விட்டுப் போனார்கள் என்று மாற்கு எழுதுகிறான். படகும் இருந்தது, ஆளும் இருந்தது. அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. எலிசாவை எலியா அழைத்தபோது அவனுக்கு முன்னால் பன்னிரண்டு ஏர் பூட்டியிருந்தது. தாய் தகப்பனை முத்தம் செய்துவிட்டு வருகிறேன் என்று கேட்டான், எலியா தடுக்கவில்லை. போய், மாட்டை அடித்து, ஏர்மரத்தாலேயே சமைத்து, ஜனங்களுக்கு விருந்து வைத்துவிட்டுத்தான் எழுந்து போனான். பேதுரு வலையை விட்டவன்தான். ஆனால் இயேசு அவன் வீட்டுக்குள் போய் ஜுரமாய்க் கிடந்த மாமியாரைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார். சிலுவையில் தொங்கும்போதுகூடத் தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார்.

உங்கள் நிலைமைக்கு நேராகப் பேசுகிற பகுதி ஒன்று உண்டு. முகாம்களில் அதைப் பிரசங்கிக்க நான் கேட்டதே இல்லை. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வரும் கொர்பான். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியை 'இது தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது' என்று சொல்லி நிறுத்திவிடுகிற வழக்கம் அப்போது இருந்தது. தேவனுக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை பண்ணிவிட்டோம், இனி மாற்ற முடியாது என்பது அவர்கள் வாதம். இயேசு அதைக் கடுமையாகக் கண்டித்தார். நீங்கள் முகாமில் எழுந்து நின்று செய்ததும் ஒரு பொருத்தனை. அது பரிசுத்தமானது, நான் அதை லேசாக எடுக்கவில்லை. ஆனால் அது அம்மாவின் சோற்றை எடுத்துத் தேவனுக்குக் கொடுக்கிற பொருத்தனையாக மாறினால், அதற்கு இயேசு வைத்த பெயர் வேறு.

பவுலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார். இந்தக் கைகளே எனக்கும் என்னோடிருந்தவர்களுக்கும் தேவையானதைச் சம்பாதித்தன என்று எபேசுவின் மூப்பர்களிடம் கையைக் காட்டிப் பேசினார். அதே பவுல்தான் சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலேயே பிழைப்பு உண்டாக வேண்டும் என்றும் எழுதினார். இரண்டும் சரியான வழி என்று ஏற்றுக்கொண்டு, ஊருக்கு ஏற்றபடி ஒன்றைத் தெரிந்துகொண்டார். இத்தனைக்கும் அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, கட்ட வேண்டிய தவணையும் இல்லை.

வில்லியம் கேரியை எல்லா முகாமிலும் சொல்வார்கள். இங்கிலாந்தில் செருப்புத் தைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு சபையைப் பார்த்தவர். 1793இல் வங்காளத்துக்கு வந்தபின் கையில் காசு இல்லாமல் திண்டாடி, அடுத்த வருடமே மால்டா பக்கம் முத்னாபட்டி என்ற ஊரில் அவுரிச் சாயத் தொழிற்சாலைக்கு மேலாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஐந்து வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்துகொண்டேதான் வங்காளியில் வேதத்தை மொழிபெயர்த்தார். செராம்பூர் போன பிறகும் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழி ஆசிரியராகச் சம்பளம் வாங்கி, அதை ஊழியப் பொதுப்பணத்தில் போட்டார். இதுவரைக்கும் சொல்வார்கள். அவர் மனைவி டாரதியை யாரும் சொல்ல மாட்டார்கள். வர மனமில்லாமல் இருந்து கடைசி நேரத்தில் கப்பல் ஏறின பெண் அவர். முத்னாபட்டியில் ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். டாரதியின் மனநிலை குலைந்து, 1807இல் சாகும்வரை சரியாகவே இல்லை. கேரி செய்த வேலை பெரிது, அதை நான் நன்றியோடு நினைக்கிறேன். அந்த வேலைக்கு டாரதியும் விலை கொடுத்தார் என்பதையும் சேர்த்து நினைக்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. கோபப்படாமல் யோசியுங்கள். ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு எந்த நேரத்தில் அதிகமாக வருகிறது? ஐகிரவுண்டு வார்டில் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வருகிறதா, வட்டிக்காரர் வாசலில் நின்றுவிட்டுப் போன ராத்திரியில் வருகிறதா? இரண்டாவதாக இருந்தால் அது பாவம் இல்லை. 23 வயதிலிருந்து ஒரு குடும்பத்தைத் தோளில் சுமக்கிறவனுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். எங்காவது போய்விட்டால் போதும் என்று இருக்கும். அந்தச் சோர்வுக்கு ஓய்வு வேண்டும், பேச ஆள் வேண்டும். அதை அழைப்பு என்று எண்ணிக்கொண்டு விடுதிக்குப் போனால் சோர்வும் கூடவே பெட்டியில் வரும். முதலாவதாக இருந்தால், அந்த அழைப்பு இன்னும் இரண்டு வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும். இரண்டும் கலந்தும் இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான்.

இரண்டு வருடம் என்று நான் சும்மா சொல்லவில்லை. உங்கள் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன். 9 மாதத்தில் மாத லோன் முடிகிறது. அன்றிலிருந்து அந்த 2,250ஐ வேறு எதற்கும் தொடாமல் 60,000 ரூபாய்க் கடனின் அசலில் கட்டுங்கள். 14 மாதத்தில் வார லோனும் முடிகிறது. அப்போது அந்த 3,600ஐயும் சேர்த்துக் கட்டுங்கள். 24ஆம் மாதம் முடிவதற்குள் 69,750 ரூபாய் சேர்ந்திருக்கும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஆக இரண்டு வருடத்துக்குள் மூன்று கடனும் தீரும். தங்கையும் அதற்குள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிற நிலையில் இருப்பாள். இதற்கு ஒரே நிபந்தனை, நடுவில் புதிதாக ஒரு லோன் எடுக்கக் கூடாது. 'பழசு முடியப்போகுது, டாப்-அப் போட்டுத் தரேன்' என்று வருவார்கள். வேண்டாம் என்று சொல்ல அம்மாவோடு நீங்கள் இருக்க வேண்டும். தீபாவளி போனஸ் வந்தால் நுண்கடனை முன்கூட்டியே அடைக்கலாம், அதற்கு அபராதம் போடக் கூடாது என்றும் அதே 2022 விதியில் இருக்கிறது. ஆனால் போனஸை முதலில் மூன்று ரூபாய் வட்டிக்காரருக்குக் கொடுப்பதுதான் லாபம். வருடத்துக்கு 36 சதவீத வட்டி அது.

இதோடு சில காரியங்களை விசாரித்துப் பாருங்கள். அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தாரா? அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அம்மாவுக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், அவர்கள் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கொடுக்கிற கல்வி உதவித்தொகைக்குத் தங்கை விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறதா என்று கல்லூரியில் கேட்கச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்க வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைச் சொல்லி வையுங்கள். ஒரு போதகர் இதையெல்லாம் எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். நாளைக்கு நீங்கள் போதகராகப் போகிற ஒவ்வொரு கிராமத்திலும் இதைத்தான் ஜனங்கள் உங்களிடம் கேட்பார்கள்.

இந்த இரண்டு வருடமும் சும்மா காத்திருக்கிற காலம் இல்லை. வேலையில் இருக்கிறவர்கள் வீட்டிலிருந்தே படித்து, வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசுகிற விரிவாக்க இறையியல் கல்வி இருக்கிறது. பெங்களூரைத் தலைமையாகக் கொண்ட டாஃப்டி என்ற அமைப்பு அதைத் தமிழிலும் நடத்துகிறது. நீங்கள் பட்டதாரி. செராம்பூர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்கத் தகுதி உங்களுக்கு இருக்கிறது. தமிழிலேயே இறையியல் படிக்க வேண்டும் என்றுதான் 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். உங்கள் திருமண்டலம், அதாவது பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகம், உங்களைத் தெரிந்தெடுத்து அனுப்பினால் படிப்புச் செலவில் திருமண்டலமும் பங்கெடுக்கும், முடித்த பிறகு ஊழிய இடமும் சம்பளமும் இருக்கும். தெரிந்தெடுக்கிற விதி திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும், வயது வரம்பும் இருக்கும். அதனால் இந்த மாதமே உங்கள் சபைப் போதகரான சேகரகுருவைப் போய்ப் பாருங்கள். முகாமில் நீங்கள் எழுந்து நின்றது உங்கள் சொந்த சேகரகுருவுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்றுதான் கேட்கிறேன்.

அந்த வேதாகமப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரியாத இடம். ஆனால் அங்கே சேருவதாக இருந்தால் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள், படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே ஊழியம் செய்கிறார்கள், அவர்கள் குடும்பம் எதில் பிழைக்கிறது, நடுவில் அப்பாவுக்கு உடம்பு மோசமானால் வீட்டுக்கு விடுவார்களா. அங்கே படித்துப் போன இரண்டு பேர் வீட்டுக்கு நேரில் போய், அவர்கள் மனைவியிடமும் பேசிவிட்டு வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் லேத் பட்டறை வேலையை விட்டுவிட்டுக் கூரைக்கொட்டகை போட்டுச் சபை ஆரம்பித்தார். நல்ல மனுஷன், உண்மையாக ஜெபிக்கிறவர். மகளை ஏழாம் வகுப்போடு நிறுத்தினார்கள். ஊழியக்காரன் பிள்ளை என்று கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள், பள்ளிக்கூட பீஸ் கட்ட ஒருவரும் வரவில்லை. இப்போது அவள் ஜவுளிக்கடையில் நிற்கிறாள், சபைக்கு வருவதில்லை. இன்னொருவர் பாளையங்கோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறார். காலை பள்ளி சவாரி முடித்து, மத்தியானம் வீடு சந்திப்பு, சாயங்காலம் மறுபடி சவாரி. முப்பது குடும்பம் அவர் வீட்டு மாடியில் கூடுகிறது. காணிக்கைப் பெட்டியைப் பார்த்துப் பிரசங்கம் பண்ண வேண்டிய நிலை தனக்கு வரவில்லை என்று என்னிடம் சொல்வார். முழுநேரம், பகுதிநேரம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அந்த முப்பது குடும்பத்துக்கும் அவர் போதகர், அவ்வளவுதான்.

உங்கள் சபையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வாலிபனை ஊழியத்துக்கு அனுப்புகிற சபைக்கு அவன் வீட்டைத் தாங்குகிற கடமையும் உண்டு. நம் திருநெல்வேலிச் சீமைக்கு இது புதிதில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்து, தோர்ணக்கல் பக்கம் தெலுங்கு ஜனங்களிடம் ஆள் அனுப்பினபோது அந்தச் செலவை நம்மவர்களே தாங்கினார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுக்கிற பழக்கம் நம் தாய்மாருக்கு உண்டு. உங்கள் அம்மாவும் அப்படிப் போட்டிருப்பார்கள். அவர்கள் பானையிலிருந்து வாங்கின சபை, அவர்கள் பானை காலியாகும்போது திரும்பிப் பார்க்க வேண்டாமா? இரண்டு வருடம் கழித்து நீங்கள் கல்லூரிக்குப் போகும்போது, 'எங்கள் வீட்டுக்கு மாதம் இவ்வளவு' என்று சேகரக் கமிட்டியில் பேசச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். நீங்கள் கேட்டால் உங்களுக்குப் பின்னால் வருகிற ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அது வழியாகும்.

ஜூன் மாதம் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். இது என் ஆலோசனை, தீர்மானம் உங்களுடையது. அந்தப் போதகருக்கு 'ஐயா, நான் பின்வாங்கவில்லை, இரண்டு வருடம் கழித்து வருகிறேன்' என்று சொல்லுங்கள். அவர் நல்ல மேய்ப்பராக இருந்தால் உங்களுக்காக ஜெபிப்பார். கோபப்பட்டால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் அம்மாவிடம் பேசுங்கள். மடியில் சுளகை வைத்து இலை வெட்டிக்கொண்டிருக்கும்போது பேச வேண்டாம். கையில் வேலை இருந்தால் கண்ணை நிமிர்த்தாமலே 'சரிப்பா, ஒன் இஷ்டம்' என்று சொல்லிவிடுவார்கள். கட்டெல்லாம் கட்டி, பீடிக் கடைக்குக் கொண்டுபோய்க் கணக்குக் கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம் ஒன்றில், அப்பா கட்டில் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த இரண்டு வருடக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 'அம்மா, இதற்குப் பிறகு நான் போகட்டுமா?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள், அவர்கள் பேசட்டும். இத்தனை நாள் அழுகையாக வந்தது அப்போது வார்த்தையாக வரலாம். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.